அமெரிக்கா செட்டுக்கு இங்க யார் பொறுப்பு? ஃபார்வர்டிங்ல வாங்குன சாமானும் அதோட வாரண்டியும்

போன மார்ச்ல ஒரு சனிக்கிழமை, பசியாறிட்டு பினாங்குப் பாலம் ஏறி தீவுக்குள்ள போனேன், பின் சீட்ல லேப்டாப். அமெரிக்காவுல இருந்து ஃபார்வர்டிங்ல வாங்கி ஏழு மாசம்தான் ஆகுது, ஸ்கிரீன் இடது ஓரத்துல பச்சையா ஒரு கோடு விழுந்து அது நாளுக்கு நாள் தடிச்சுக்கிட்டே வந்துச்சு. சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான். லேப்டாப்பைக் கவுத்து அடியில இருந்த சீரியல் நம்பரை டைப் பண்ணுனாங்க, கொஞ்ச நேரம் பார்த்தாங்க, அப்புறம் அவங்க மானிட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. "அண்ணே, வாரண்டி இருக்கு, இன்னும் அஞ்சு மாசம் ஓடும். ஆனா நாடுங்கிற இடத்துல யூஎஸ்னு வருதுண்ணே, ஜாப் ஓப்பன் பண்ணவே சிஸ்டம் விடமாட்டேங்குது." சரி, காசு குடுத்தாவது செய்யலாமான்னு கேட்டேன். "இந்தப் பேனல் பார்ட் நம்பர் எங்க லிஸ்ட்லயே இல்லண்ணே, இங்க விக்கிற மாடலுக்குத்தான் எங்களால ஆர்டர் போட முடியும்."

வாரண்டி உயிரோட இருக்கு, அதை நிறைவேத்த மட்டும் இந்த ஊர்ல ஆள் இல்ல. அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் இதேதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெளிநாட்டுல ஒரு அட்ரஸ் வாங்கி, அங்க இறக்கி, அங்கிருந்து இங்க வரவைக்கிற இந்த ஃபார்வர்டிங் முறையில இப்ப நம்ம ஆளுங்க நிறைய பேர் வாங்குறாங்க, விலை கம்மி, இங்க வராத மாடல் கிடைக்குது, எல்லாம் சரி, ஆனா கெட்டுப் போனா என்னாகும்ங்கிறதை யாரும் முதல்லயே உக்காந்து பேசுறதில்ல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல வாரண்டிங்கிறது யார் காசுன்னு புரிஞ்சுக்கணும். பெட்டி மேல லோகோ ஒண்ணா இருக்கிறதால உலகம் முழுக்க ஒரே கம்பெனின்னு தோணும். உள்ளுக்குள்ள பார்த்தா பல பிராண்டுக்கு நாட்டுக்கு நாடு தனித்தனி விற்பனைக் கம்பெனி, இல்லன்னா தனி டிஸ்ட்ரிபியூட்டர். அவங்கதான் சாமானை இறக்குறாங்க, விக்கிறாங்க, வித்த ஒவ்வொரு செட்டுலயும் பின்னால வரப்போற ரிப்பேருக்குன்னு ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறாங்க, டெக்னிஷனுக்குச் சம்பளம், பார்ட்ஸ் ஸ்டாக், கவுண்டர் வாடகை எல்லாம் அதுல இருந்துதான். நான் லேப்டாப் வாங்குன காசுல அந்தப் பங்கு அமெரிக்கா கம்பெனி கணக்குல போயிடுச்சு, மலேசியா கம்பெனிக்கு அஞ்சு சென் வரல. இங்க உள்ள சர்வீஸ் சென்டர் ஒரு பார்ட் மாத்துனா அந்தச் செலவை மேல கிளைம் பண்ணி வாங்கணும், கிளைம் சீரியல் நம்பரை வச்சுத்தான் ஓடும், அந்த நம்பர் இந்த நாட்டுக்கு வித்ததுன்னு பதிவாகலன்னா கிளைம் நிக்காது. கவுண்டர்ல இருந்த பொண்ணு மேல எனக்குக் கோபமே வரல, அவங்க கையில ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சேன். பாயான் லெப்பாஸ் ஃப்ரீ டிரேட் ஸோன் 1972ல ஆரம்பிச்சது, இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியில முதன்முதலா ஃபேக்டரி போட்டதே பினாங்குலதான், எங்க அம்மா காலத்துப் பொண்ணுங்க எத்தனையோ பேர் விடியக்காலையில ஃபேக்டரி பஸ் ஏறி மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து கண்ணு வலிக்க வேலை செஞ்ச ஊர் இது. இங்க டெஸ்ட் பண்ணுன சிப்பே கப்பலோ விமானமோ ஏறிப் போய் ஏதோ ஒரு மெஷினுக்குள்ள உக்காந்து அமெரிக்கா கடைக்குப் போய் மறுபடி பார்சலா என் வீட்டு வாசலுக்கே வந்திருக்கலாம். ஆனா வாரண்டிக்கு எங்க செஞ்சாங்கங்கிறது கணக்கே இல்ல, முதல்ல எங்க வித்தாங்கங்கிறதுதான் கணக்கு.

ஹேண்ட்போன் கடை வச்சிருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போனவங்களுக்குத் தெரியும், பினாங்கு கொம்தார் பிராங்கின் மால் பக்கமும் அதே பேச்சுதான்: "அங்கிள், மலேசியா செட் வேணுமா, ஏபி செட் வேணுமா?" மலேசியா செட்னா இங்க உள்ள கம்பெனி வழியா வந்தது, கம்பெனி வாரண்டி. ஏபி செட்னா வேற நாட்டுக்கு வச்சிருந்த சாமானை கடைக்காரரோ அவருக்கு மேல உள்ள மொத்த வியாபாரியோ தனியா இறக்குனது, விலை கொஞ்சம் இறங்கும், வாரண்டி கடை வாரண்டி. அந்தக் கடை வாரண்டியைச் சில பேர் மதிக்கமாட்டாங்க, எனக்கு அது தப்புன்னு படுது. கடைக்காரர் முகம் தெரியும், ஷட்டர் எங்க இருக்குன்னு தெரியும், ரிசிட்ல கம்பெனி பேர் இருக்கு, கெட்டுப் போனா நேரா போய் நிக்கலாம். ஃபார்வர்டிங்ல நாம வாங்குறதும் ஒரு வகையில ஏபி செட்தான், நடுவுல அந்தக் கடைக்காரர் மட்டும் இல்ல. அவர் எடுத்துக்கிற லாபம் நமக்கு மிச்சம், அவர் தூக்குற பொறுப்பும் நம்ம தலையில.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. நம்ம 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்மையிலேயே நல்ல சட்டம், விக்கிற சாமான் தரமா இருக்கணும், ரிப்பேர் வசதியும் ஸ்பேர் பார்ட்ஸும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கணும்னு அதுல இருக்கு. தயாரிப்பாளர் யாருன்னு சொல்ற இடத்துல ஒரு முக்கியமான வரி வருது, வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு மலேசியாவுல வழக்கமான வியாபார இடம் இல்லன்னா, அந்தச் சாமானை இறக்குமதி பண்றவரோ விநியோகம் பண்றவரோ தயாரிப்பாளர் இடத்துல நிப்பாரு. பயனீட்டாளர் கையில யாராவது ஒருத்தர் சட்டை மாட்டணும்னு யோசிச்சு வச்ச வரி அது. லோ யாட் கடையில வாங்குனா அப்படி மாட்ட ஒரு ஆள் உண்டு. ஃபார்வர்டிங்ல வாங்குனா இறக்குமதி பண்ணது யாரு? கூரியர் பேப்பர்ல இறக்குமதியாளர்ங்கிற கட்டத்துல யார் பேர் இருக்குன்னு எடுத்துப் பாருங்க. உங்க பேர்தான் இருக்கும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. அஞ்சு ரிங்கிட் கட்டி மனு போடலாம், வக்கீல் வேண்டாம், 2019ல இருந்து 50,000 ரிங்கிட் வரைக்கும் கேக்கலாம், பிரச்சனை வந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். உள்ளூர் கடை ஏமாத்துனா கண்டிப்பா போங்க, இந்த வசதியை நம்ம ஆளுங்க போதுமான அளவு பயன்படுத்துறதே இல்ல. எப்படி எழுதுறதுன்னு தெரியலன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல போய்க் கேட்டா தமிழ்லயே பேசலாம். ஆனா ஓரிகன்ல இருக்கிற ஒரு கடை மேல இங்க தீர்ப்பு வாங்குனாலும் அதை அங்க கொண்டு போய் யார் நிறைவேத்துறது? இங்க அவங்களுக்கு ஆபீசும் இல்ல, சொத்தும் இல்ல.

ஓரிகன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேற, ஓரிகன், டெலவேர் மாதிரி இடங்கள்ல அந்த வரி கிடையாது, அதனால ஃபார்வர்டர் நிறைய பேர் அங்க குடோன் வச்சு நமக்குன்னு ஒரு சூட் (suite) நம்பரோட அட்ரஸ் குடுக்குறாங்க. கடைக்காரனைப் பொறுத்த வரைக்கும் சாமான் அந்தக் குடோன் வாசல்ல இறங்குனதோட அவன் வேலை முடிஞ்சது, டெலிவரி ஆயிடுச்சு. ஈபே குடுக்குற பணப் பாதுகாப்புல டெலிவரிக்கு அப்புறம் வேற அட்ரஸுக்கு அனுப்புன சாமான் சேராது. ஃபார்வர்டர் விக்கிற இன்சூரன்ஸைப் பார்த்து வாரண்டின்னு நினைச்சுக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அது வழியில உடைஞ்சா, தொலைஞ்சா மட்டும், உள்ள இருக்கிற மதர்போர்டு ரெண்டு மாசத்துல செத்துப் போனா அந்தப் பேப்பர் எதுக்கும் உதவாது.

இதைவிட மோசம் நாள் கணக்கு. சீனாவுல மூணு உத்தரவாதம்னு ஒரு விதி இருக்கு, போன் வாங்கி ஏழு நாளுக்குள்ள கெட்டா காசு திரும்ப, 15 நாளுக்குள்ள கெட்டா புதுசு மாத்து, ஒரு வருஷம் இலவச ரிப்பேர். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. தாவ்பாவ்ங்கிற சீனா ஆன்லைன் கடையில ஆர்டர் போட்டு, அங்க உள்ள குடோன்ல மத்த சாமானெல்லாம் வந்து சேர்ற வரைக்கும் காத்திருந்து, ஒண்ணா கட்டி கப்பல்ல ஏத்துனா நம்ம கைக்கு வர்றதுக்குள்ள அந்த ஏழும் போச்சு, 15ம் போச்சு, பெட்டியைப் பிரிக்கிற அன்னைக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு வருஷ ரிப்பேர், அதுவும் சீனாவுக்குள்ள. கட்டும்போது எடையைக் குறைக்க வெளிப்பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்ற ஆப்ஷனை டிக் பண்ணாதீங்க. சீரியல் நம்பர் ஸ்டிக்கர் அந்தப் பெட்டியில இருக்கும், சில கம்பெனி பெட்டியோட படம் கேப்பாங்க.

இப்ப திருப்பி அனுப்புறது. சொல்லப்போனா எல்லாத்தையும்விட இதுதான் பெரிய சுவர், எல்லாரும் கூரியர் காசைத்தான் நினைப்பாங்க, அது பாதிக்கதை. என் சித்தி மகன் ஒருத்தன் கையில புடிச்சு விளையாடுற கேம் மெஷின் ஒண்ணு இதே மாதிரி வாங்குனான். ஒரு வருஷம் முடியுறதுக்கு முன்னாடியே பின்பக்க மூடி லேசா தூக்கிக்கிச்சு, மேசையில வச்சா ஆடும், விரலால அழுத்துனா பஞ்சு மாதிரி உள்ள போகும். பேட்டரி வீங்குது. கம்பெனிக்கு எழுதுனான், அவங்க நல்லவங்க, ரெண்டே நாள்ல ஆர்எம்ஏ நம்பர், அதாவது திருப்பி அனுப்ப அனுமதி நம்பர் குடுத்து அமெரிக்கா அட்ரஸும் குடுத்து அனுப்புங்க மாத்தித் தர்றோம்னாங்க. செபராங் ஜெயாவுல கூரியர் கவுண்டருக்கு நானும் கூடப் போனேன். ஃபார்ம்ல முதல் பக்கத்துலயே கேள்வி, உள்ள லித்தியம் பேட்டரி இருக்கா, அது நல்ல நிலைமையில இருக்கா. அவன் உண்மையைச் சொன்னான், அவங்க பெட்டியைத் திருப்பித் தள்ளிட்டாங்க.

அவங்க செஞ்சது சரி. வீங்குன, அடிபட்ட, பழுதுன்னு கம்பெனியே சொல்லித் திரும்பக் கேக்குற லித்தியம் பேட்டரியை விமானத்துல ஏத்தக் கூடாதுன்னு சர்வதேச விதி இருக்கு, சரக்கு விமானத்துலயும்தான். நல்ல பேட்டரிக்கே கட்டுப்பாடு அதிகம், தனியா வர்ற லித்தியம் அயன் பேட்டரியை பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்துறதை 2016 ஏப்ரல் 1ல இருந்தே நிறுத்திட்டாங்க. நடுவானத்துல ஒரு பேட்டரி சூடாகி பத்திக்கிச்சுன்னா அது பக்கத்துல உள்ளதையும் பத்த வைக்கும், சாதாரணமா அணைக்க முடியாது. அதனால யாராவது உங்ககிட்ட "பேட்டரி நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துடு, யாரு பார்க்கப் போறா"ன்னு சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க, அந்த விமானத்துல ஆளுங்க போறாங்க. வாரண்டில மாத்த வேண்டிய காரணமே பேட்டரியா இருக்கும்போது அந்த வாரண்டியை எடுத்துக்கிற வழியும் அதே பேட்டரியால அடைபட்டுப் போகுது. தம்பி கடைசியில இங்கயே ஒரு கடையில பேட்டரி மாத்திக்கிட்டான், வாரண்டி அதோட முடிஞ்சது.

பேட்டரி நல்லா இருந்து அனுப்ப முடிஞ்சாலும், அமெரிக்கா பக்கம் கஸ்டம்ஸ் மாறிடுச்சு. முன்னெல்லாம் 800 டாலர் வரைக்கும் உள்ள பார்சல் வரியில்லாம உள்ள போகும், 2025 ஆகஸ்ட் 29ல இருந்து அந்தச் சலுகையை எல்லா நாட்டுக்கும் நிறுத்தி வச்சிட்டாங்க, அந்தச் சமயத்துல பல நாட்டு தபால் சேவைகள் அமெரிக்காவுக்கு பார்சல் வாங்குறதையே கொஞ்ச நாள் நிறுத்துன அளவுக்குக் குழப்பம். அங்க வாங்குன சாமான் ரிப்பேருக்குத் திரும்பி வருதுன்னு பேப்பர்ல காட்டணும். ரிப்பேர் பண்ணி அவங்க அங்க உள்ள அட்ரஸுக்குத்தான் அனுப்புவாங்க, மறுபடி ஃபார்வர்டர், மறுபடி காசு, இங்க இறங்கும்போது புதுச் சாமான்னு நினைச்சு நம்ம கஸ்டம்ஸ் வரி கேக்காம இருக்க போன தடவை கட்டுன ரிசிட், வெளிய அனுப்புன பேப்பர், ரிப்பேர் லெட்டர் எல்லாம் கையில இருக்கணும். நான் லேப்டாப்புக்குப் போகவர ஆகுற செலவை விசாரிச்சேன், இன்சூரன்ஸோட சேர்த்து 600 ரிங்கிட்டைத் தாண்டுச்சு. வாங்கும்போது இங்க விலையை வச்சுப் பார்த்து நான் மிச்சம் பண்ணுனது 700.

எல்லா சாமானும் ஒரே மாதிரி இல்ல, அதையும் சொல்லணும். லேப்டாப்ல நிலைமை பரவாயில்ல, வியாபாரத்துக்குப் போற ஆளுங்க ஊர் ஊரா தூக்கிட்டுப் போற பொருள்ங்கிறதால கம்பெனிங்க ரொம்ப நாளாவே வழி வச்சிருக்காங்க. லெனோவோ திங்க்பேடுக்கு சர்வதேச வாரண்டி சேவைன்னு ஒண்ணு உண்டு, டெல்லுல ஓனரையும் நாட்டையும் மாத்தி எழுத ஃபார்ம் உண்டு, ஆப்பிள் மேக்கைப் பொதுவா எந்த நாட்டுலயும் பார்ப்பாங்க. போன் அப்படி இல்ல. ஆப்பிள் வாரண்டி எழுத்துலயே, ஐபோனுக்கும் ஐபேடுக்கும் முதல்ல வித்த நாட்டுக்குள்ள மட்டும் சர்வீஸ்னு கட்டுப்படுத்தலாம்னு இருக்கு. கோலாலம்பூர் டிஆர்எக்ஸ்ல 2024 ஜூன்ல ஆப்பிள் கடை திறந்ததுல இருந்து "அதான் இங்கயே கடை வந்துடுச்சே"ன்னு சொல்றவங்க இந்த வரியைப் படிக்கணும். காரணமும் இருக்கு, போன்ல நாட்டுக்கு நாடு உள்ளயே வித்தியாசம், அமெரிக்கா ஐபோன்ல 14ல இருந்து சிம் கார்டு போடுற இடமே இல்ல, ஹாங்காங் செட்ல ரெண்டு சிம் போடலாம், ஜப்பான் செட்ல அந்த நாட்டுக்குள்ள கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. செட்டிங்ஸ்ல மாடல் நம்பரைப் பாருங்க, கடைசியில எல்எல்/ஏன்னு இருந்தா அமெரிக்கா, ஜே/ஏன்னா ஜப்பான். முதல் எழுத்து எம்னா புதுசா வித்தது, எஃப்னா சரி பண்ணி மறுபடி வித்தது, என் (N)னு இருந்தா மாத்திக் குடுத்தது. புதுசுன்னு சொல்லி வித்த செட்ல முதல் எழுத்து எஃப்னு இருந்தா அங்கயே நிறுத்திடுங்க.

கேமராவுல சில கம்பெனி ரொம்பக் கண்டிப்பு. நிக்கானோட அமெரிக்கா கிளை, வேற நாட்டுக்கு வச்சிருந்த செட் தனி வழியில அங்க வந்தா காசு குடுத்தாலும் தொடமாட்டோம்னு வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க. மெமரி, எஸ்எஸ்டி (கம்ப்யூட்டர்ல ஃபைல் சேமிக்கிற டிரைவ்) மாதிரி சின்னப் பொருள்ல பேட்டரியும் இல்ல, வைஃபையும் இல்ல, எடையும் இல்ல, அதுல மட்டும் நான் இன்னமும் தைரியமா வெளிய வாங்குவேன். வைஃபை, புளூடூத் உள்ளதை இங்க விக்கணும்னா சிரிம்ங்கிற தர நிறுவனத்தோட சோதனையும் எம்சிஎம்சிங்கிற தொலைத்தொடர்பு ஆணையத்தோட லேபிளும் வேணும், நீங்க இறக்குனதுல அது இருக்காது, சில நேரம் கஸ்டம்ஸ்லயே நிக்கும்.

கரண்ட் பத்தி ஒரே ஒரு விஷயம். எங்க லோரோங்ல (சந்துல) ஒரு அக்கா ஜப்பான்ல இருந்து ஆசையா ஒரு ரைஸ் குக்கர் வரவழைச்சாங்க, கெட்டியான உள்சட்டி, நல்ல வேலைப்பாடு. ஜப்பான் கரண்ட் 100 வோல்ட், நம்மளது 230. அடாப்டர் மாட்டுனா பிளக் பொருந்தும், வோல்ட் மாறாது. அரிசி கழுவி வச்சு சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்துல கரிஞ்ச வாடை. தப்பான வோல்ட்ல ஓட்டுனதுக்கு எந்த நாட்டு வாரண்டியும் வராது, ஜப்பான்லயே இருந்திருந்தாலும் வந்திருக்காது. லேப்டாப், போன் சார்ஜர்ல 100லிருந்து 240ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், சூடு பண்ற சாமான்ல அப்படி இருக்கிறது அபூர்வம்.

என் லேப்டாப்புக்கு வர்றேன். அந்தக் கம்பெனிக்கும் நாடு மாத்துற ஃபார்ம் ஒண்ணு இருந்துச்சு, கவுண்டர் பொண்ணுதான் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க, "இதைக் கெட்டுப் போறதுக்கு முன்னாடியே செஞ்சிருந்தா சுலபம்ணே"ன்னாங்க. அனுப்புனேன், ரிசிட் கேட்டாங்க. ரிசிட்ல இருந்தது ஓரிகன் அட்ரஸும் ஒரு சூட் நம்பரும், என் அட்ரஸ் இங்க பினாங்கு பிறையில, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு திருப்பிக் கேட்டாங்க. நியாயமான கேள்விதான், திருட்டு செட்டைக்கூட இப்படி மாத்தப் பார்ப்பாங்க இல்லையா. நல்ல வேளை ஃபார்வர்டரோட பில் ஈமெயில்ல கிடந்துச்சு, அதுல சூட் நம்பரும் என் பேரும் வீட்டு அட்ரஸும் ஒரே பக்கத்துல, கூடவே குடோன்ல பெட்டியைப் பிரிக்காம எடுத்த படத்துல சீரியல் நம்பர் ஸ்டிக்கர் தெரிஞ்சுது. அதை அனுப்பி 12 நாள் கழிச்சு சரின்னு பதில் வந்துச்சு. என் மாடலோட குடும்பம் இங்கயும் விக்கிறது, அதனாலதான் ஒத்துக்கிட்டாங்க, இங்க வராத மாடலா இருந்தா ஃபார்ம் போட்டும் பிரயோஜனம் இல்லன்னு அந்தப் பொண்ணு சொன்னாங்க.

நாடு மாறுனதால பார்ட் ஆர்டர் போட முடிஞ்சுது, பேனல் வந்து சேர இன்னும் மூணு வாரம். மே மாசம் ஒரு நாள் வேலை விட்டு நேரா போனேன். பழைய பேனலைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேசையில வச்சிருந்தாங்க, அந்தக் கோட்டுக்குக் கீழ உள்ள மெல்லிசு ரிப்பன் கேபிள் ஓரத்துல விட்டுப் போயிருந்தது வெறுங்கண்ணுலயே தெரிஞ்சுது. கையெழுத்து போடச் சொல்லி ஜாப் ஷீட்டை நீட்டுனாங்க. லேபர் சைபர், பார்ட் சைபர், நாடு மலேசியா.